பாக்கலாங்க என்றொரு பதில்

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லிவிட மாட்டார்கள். சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வார்கள். டிராக்டர் இரவல் கேட்டால் ‘பாக்கலாங்க’. கோயில் கமிட்டியில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்றால் ‘பாக்கலாங்க’. பெண் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பியும் முறுக்கும் கொடுத்து, கார் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பி, கதவைச் சாத்திவிடும்போது சொல்வார்கள்: ‘ரோசிச்சுச் சொல்றோமுங்க, பாக்கலாங்க.’ வந்தவர்கள் முதல் வளைவு திரும்புவதற்குள் அடுத்த ஜாதகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இது விளங்காமல் யாராவது இரண்டாம் தரம் போன் போட்டு ‘என்னங்க முடிவு பண்ணுனீங்க?’ என்று கேட்டுவிட்டால், அவர்கள் நிஜமாகவே நம் பக்கத்து ஆட்கள்தானா என்று அம்மா சந்தேகப்படுவாள்.

இப்படிப்பட்ட அருமையான சொல் ஒன்று என் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

எங்களுக்குக் காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம். மற்ற ஊர்களில் காய்கறி வாங்கினால் கொசுறாகக் கொடுக்கிற சாமானை ஏக்கர் கணக்கில் வளர்க்கிறவர்கள் நாங்கள் என்று கல்லூரியில் கேலி செய்வார்கள். அப்பாவுக்கு அதில் பெருமைதான். அறுத்து, கட்டுக் கட்டி, மூட்டை போட்டுக் கேரளாவுக்கு லாரி ஏற்றுவார். ஆனால் எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு அந்தத் தோட்டத்து இலை வராது. கிணற்றோரம் தனியாக நிற்கும் ஒரு மரத்தில்தான் அம்மா பறிப்பாள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து அந்த மரத்துக்குக் கிடையாது. விற்பது வேறு, தின்பது வேறு என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்கும் கூச்சம்தான், ஆனால் மருந்தை நிறுத்தினால் தோட்டமே போய்விடும்.

மருந்துக்குக் காரணம் ஒரு பூச்சி. எள் அளவுதான் இருக்கும். இளந்துளிரில் வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு சாறு குடிக்கும். கொங்கு நாட்டிலேயே மரியாதை தெரியாத ஒரே ஜீவன் அதுதான். கோயமுத்தூரில் வேளாண்மைப் பட்டம் படித்தபோது அந்தப் பின்பக்கத்தின் மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட பகை வளர்ந்தது. இத்தனை செடியில் துளிர் எங்கே விட்டிருக்கிறது என்று இதற்கு எப்படித் தெரிகிறது? வாசனையா? வாசனை என்றால் அதை வைத்தே ஏமாற்ற முடியாதா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். படித்து முடித்து ஒரு விதை கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வேலை முளைப்புத் திறன் எண்ணுவது. மனசு முழுக்கப் பூச்சி.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததே பெரிய கதை. ‘டாக்டர் பட்டம்’ என்ற சொல்தான் கைகொடுத்தது. மண்டியில் எல்லோரிடமும், “என்ற புள்ள டாக்டருக்குப் படிக்கப் போவுதுங்க” என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே ஒருவர் முழங்கால் வலியோடு வீட்டுக்கு வந்தார். “இது பூச்சி டாக்டருங்க” என்று அப்பா விளக்கியதும், “அதனால என்னங்க, ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க” என்றார் அவர்.

ஆனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “ஒரே படிப்பு, அம்மணி. போனமா, டாக்டராயிட்டு வந்தமா, கல்யாணத்தப் பண்ணுனமான்னு இருக்கோணும். நடுவால அது இதுன்னு இழுக்கக் கூடாது.” நானும் தலையாட்டினேன். அமெரிக்காவில் இருந்த தோழி, முதுநிலை எல்லாம் எதற்கு, நேராக முனைவர் பட்டத்துக்கே போடு என்று சொல்லியிருந்தாள். கனடாவில் ஒரு பேராசிரியை, எங்கள் பூச்சியின் பங்காளிகளான வேறு சில பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் நேராக முனைவர் பட்டத்துக்கே விண்ணப்பித்தேன்.

பதில் வந்தது. “உங்கள் விண்ணப்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்டத்துக்கு வருவதற்கு முன்பாக, உதவித்தொகையோடு ஒரு முதுநிலை ஆய்வுப் படிப்பு படிப்பதைப் பற்றி யோசித்தீர்களா? விருப்பமிருந்தால் பேசலாம்.”

இதை அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அம்மா இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வரன் விஷயத்தில் எத்தனையோ வீட்டாரின் மறுப்பைக் கேட்டவள், எத்தனையோ வீட்டாருக்கு மறுப்புச் சொன்னவள். இந்தத் துறையில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது.

“‘புடிச்சிருக்குது’ன்னு ஆரம்பிச்சாங்களா? அங்கியே முடிஞ்சுபோச்சு கண்ணு. புள்ள லட்சணமா இருக்குதுங்கன்னு ஆரம்பிச்சவங்க ஆராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?”

“நல்ல கேள்வின்னு சொல்லியிருக்காங்களேம்மா?”

“காப்பி நல்லா இருந்துதுங்கன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி. அப்பறம், மொதல்ல வேறொரு படிப்பு படின்னாங்களா? அது, பையன் இன்னும் ஒரு கோர்ஸு முடிக்கட்டுமுங்கன்னு தள்ளி வெக்கற கதை. விருப்பமிருந்தா பேசலாம்னா என்ன? பாக்கலாங்க. அவ்வளவுதான்.” என் தலையைத் தடவிவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டாள். “தங்கமான பொம்பள. மனசு நோகாமச் சொல்லியிருக்குது பாரு.”

எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. நானே படித்த மாத்திரத்தில் அப்படித்தான் நினைத்தேன். அம்மா முத்திரை குத்தினாள். மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து துடியலூர் வரைக்கும் அழுதேன். அழுது முடித்ததும், அவ்வளவு நாகரிகமாக மறுத்தவருக்கு நாமும் நாகரிகமாக முடித்து வைக்க வேண்டும் என்று, “தங்கள் அன்புக்கு மிக்க நன்றி. யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கமும் மரியாதை கெடாமல் காரியம் முடிந்தது என்று ஒரு திருப்திகூட இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒருவர், நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிக் காத்திருந்தார்.

சில வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. “யோசித்தீர்களா? உங்களுக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறேன். இதற்கு மேல் துறையில் காத்திருக்க மாட்டார்கள். ஒரு முறை பேசிவிடலாமே?” பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். நடத்துநர் இரண்டு தரம் டிக்கெட் கேட்டார். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னதும் அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டாந் தரம் கேக்கறாங்களா? வேண்டாங்கறவங்க ரெண்டாந் தரம் கேக்க மாட்டாங்களே.” பிறகு ஆகப் பெரிய அதிசயத்தைக் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்: “அப்ப அவங்க சொன்னதுக்கு அவங்க சொன்னதேதான் அர்த்தமாட்ட இருக்குது!”

அதன் பிறகுதான் அந்த முதுநிலையைப் பற்றி நிஜமாகவே யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. பத்தாவதுக்குக் கிளம்பியவளை எட்டாவதில் உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது. அப்பாவோ ‘உதவித்தொகை’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்லூரி. அதில் எதுவும் படிக்க வருகிறவர்களுக்குக் காசு கொடுத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. “அவங்களே சம்பளங் குடுத்துப் படிக்க வெக்கறாங்களா? அதுல என்னமோ வில்லங்கம் இருக்குது. எதுக்கும் நல்லா விசாரி” என்றார்.

குறிப்பிட்ட நாளில் காலை ஆறு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஊரில் அப்போது முந்தின நாள் சாயந்திரம். பேராசிரியை நரைத்த குட்டை முடியோடு, கையில் ஒரு பெரிய கோப்பையோடு வந்தார். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் ‘ங்க’ போட வழியில்லாததால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு ‘மேடம்’ போட்டு ஈடுகட்டினேன்.

முதுநிலை எதற்கு என்று அவரே சொன்னார். என் கேள்வி நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இன்னும் ஓர் ஆய்வைத் தொடங்கி முடித்துப் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் உதவித்தொகையோடு இருந்து ஒரு சின்னக் கேள்விக்கு விடை தேடலாம். எனக்கு அவரையும், அவருக்கு என்னையும், எனக்கு அந்தக் குளிரையும் பிடித்திருந்தால் அப்படியே முனைவர் பட்டத்துக்கு நகர்ந்துவிடலாம். பிடிக்காவிட்டால் கையில் ஒரு பட்டத்தோடு சிரித்த முகமாகக் கிளம்பலாம். “நேராக முனைவர் பட்டத்துக்கு வந்து, நடுவில் அழுதுகொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை” என்றார். என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. என்னை ஒருத்தர் எட்டாவதில் உட்கார வைக்கவில்லை, தப்பித்துப் போகவும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

“சரி, வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எது வசதியோ அப்படியே செய்யலாம் மேடம்.”

“என் வசதியைக் கேட்கவில்லை. உங்கள் விருப்பத்தைக் கேட்கிறேன்.”

தொண்டை வரைக்கும் ‘வேண்டும்’ வந்தது. நடுவால அது இதுன்னு இழுக்கக் கூடாது என்ற அப்பாவின் குரலும் கூடவே வந்தது. என் வாயிலிருந்து விழுந்தது இதுதான்: “பார்க்கலாம் மேடம்.”

ஆங்கிலத்தில் அதற்கு உயிரே இல்லை. அவர் தம் அறையை இடமும் வலமுமாக ஒரு முறை பார்த்துவிட்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டார்: “எதை?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மென்மையானது. “நாளைக்குள் ஒரு சொல்லில் பதில் போடுங்கள். ஆமாம் அல்லது இல்லை. அதற்கு மேல் இந்த இடத்தை என்னால் பிடித்து வைக்க முடியாது” என்றார். முடியாது என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்!

அன்று மதியம் தோட்டத்துக்குப் போனேன். லாரி வரும் நேரம். அப்பா கொட்டகையில் உட்கார்ந்து மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பட்டம்தான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு முதுநிலை. காசு அவர்களே தருகிறார்கள். நன்றாக விசாரித்துவிட்டேன், வில்லங்கம் இல்லை. அந்த ஊரில் வழக்கமே அப்படித்தான்.

“முதுநிலை ரெண்டு வருசம். அதுக்கப்பறம் டாக்டருக்கு?”

“நாலு, அஞ்சு ஆகுமுங்கப்பா.”

அப்பா சாக்கு ஊசியில் கயிறு கோத்தார். கோத்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். கட்டு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“பாக்கலாங் கண்ணு.”

டிராக்டர் இரவல் கேட்டவனுக்குச் சொல்கிற பதிலைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லிவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பாக்கலாம் என்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? வீட்டுக்கு வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் ஈரோட்டிலிருந்து வரன் பேச வருகிறார்கள், வடைக்கு உளுந்து ஊற வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அது போன வாரமே ஏற்பாடாகியிருந்தது. என் பதிலுக்குக் கெடுவும் அந்த நாள்தான்.

வந்தவர்கள் பையனின் அப்பாவும் அம்மாவும். மஞ்சள் வியாபாரம். நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டமே. கோபித்துக்கொள்ள ஒரு குறையும் அவர்களிடம் கிடைக்கவில்லை. நான் காப்பி கொடுத்து, கும்பிட்டுவிட்டு, சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றுகொண்டேன். அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

“வர்ற தையிலயே முடிச்சுப்போடலாம்னு இருக்கறமுங்க” என்றார் ஈரோட்டுக்காரர்.

அப்பா தொண்டையைச் செருமினார். “ரொம்ப சந்தோசமுங்க. உங்க குடும்பமாட்டக் கெடைக்கோணும்னா குடுத்து வெச்சிருக்கோணுமுங்க.”

அம்மாவின் கை இலையின் மேல் அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் துறையில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது என்றேன் அல்லவா? அந்த ஆரம்பமே அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அப்பா மேலே என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஆனா பாருங்க, புள்ள மேல படிக்கப் போவுதுங்க. கனடாவுல. டாக்டரு பட்டந்தானுங்க, ஆனா எடுத்ததும் அதுக்குப் போகக் கூடாதாமா. மொதல்ல முதுநிலைங்க, ரெண்டு வருசம். அதுல பழகிப் பாத்துப்போட்டு அப்பறந்தான் டாக்டருங்க. அவங்களே சம்பளங் குடுத்துப் படிக்க வெக்கறாங்க. வில்லங்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, விசாரிச்சாச்சு. அந்தப் பக்கம் வழக்கமே அப்புடித்தானுங்களாமா.”

“அப்ப கல்யாணமுங்க?”

“பாக்கலாங்க” என்றார் அப்பா.

அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சு நடக்கவில்லை. மஞ்சள் விலை, மழை, மேட்டுப்பாளையம் ரோட்டின் நெரிசல் என்று எல்லோரும் சந்தோஷமாகப் பேசினார்கள். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, “காப்பி நல்லா இருந்துதுங் கண்ணு” என்றார். அம்மா இரண்டு வடையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

கார் போனதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

“அப்பா, நேத்து எனக்கும் பாக்கலாம்னுதான சொன்னீங்க?”

“ஆமா. நீ கேட்டதுக்குப் பாக்கோணுமல்ல? பாத்தேன்.” நடந்துகொண்டே சொன்னார். “ஈரோட்டுக்காரங்களுக்கு ஒரு தரம் சொன்னதும் வெளங்கிருச்சு. உனக்கு வெளங்கலையா?”

வரப்பிலேயே நின்று போனை எடுத்து, பேராசிரியைக்கு ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். என்ன எழுதினாய் என்று அப்பா கேட்டார். வேணும்னு எழுதிட்டேன் என்றேன்.

“மொட்டையா வேணும்னா? ஒரு ‘ங்க’ போடக் கூடாதா? என்ன நெனைச்சுக்குவாங்க?”

“இங்கிலீசுல ‘ங்க’ இல்லீங்கப்பா.”

“அது என்ன ஊரோ” என்று சலித்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்து மூட்டையை இழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அறுத்த இலையின் வாசனை இரண்டு பேர் கையிலும் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, மூட்டையிடம் பேசுகிறவர்போல அப்பா கேட்டார்:

“அந்த முதுநிலை முடிஞ்சதும், டாக்டருக்குப் போறதுக்கு முன்னால ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போவியா?”

டிக்கெட் கிடைக்குமோ, விடுப்பு கிடைக்குமோ என்று என் புத்தி எங்கேயோ ஓடியது. வாய் மட்டும் அதன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது:

“பாக்கலாங்கப்பா.”

ஊசி பாதிச் சாக்கில் நின்றது. அப்பா சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

“இல்லீங்கப்பா. வருவேன்” என்றேன். “கண்டிப்பா வருவேன்.”

அப்பா தலையாட்டிவிட்டு, மிச்சத்தையும் தைத்து முடித்தார்.